குடுவைக்குள் ஒரு பூக்காலம்

காய்ச்சல் போய்விட்டது. போகிறபோது சும்மா போகவில்லை. மூக்கரின் மூக்கையும் கூடவே எடுத்துக்கொண்டு போய்விட்டது.

முகத்தில் மூக்கு இருக்கத்தான் செய்தது. ஆனால் பூக்கூடை தெருமுனை திரும்பும்போதே, "அடியில இருக்கறதெல்லாம் நேத்துப் பூ, அப்படியே திரும்பிப் போ" என்று வாசலில் நின்றபடி சொல்லும் மூக்கு அது இல்லை. கடைத்தெருவே அவருடைய சொந்தப் பெயரை மறந்து மூக்கர், மூக்கர் என்று கூப்பிடக் காரணமாக இருந்த மூக்கு இல்லை. சூடான காபி அவருக்கு இப்போது வெறும் சூடு. ரோஜா வெறும் நிறம்.

இது இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருவர் மூக்கர். இன்னொருத்தி அவர் மனைவி. அருங்காட்சியகத்தின் ஆய்வுக்கூடத்தில் பழம்பொருள்களைச் சோதிக்கிற வேலை அவளுக்கு. படித்து வாங்கிய பட்டத்தால் வீட்டில் அவளுக்கு டாக்டரம்மா என்று பெயர். "ஒரு காய்ச்சலுக்கு மாத்திரை எழுதத் தெரியாத டாக்டர்" என்று நாத்தனார் கேலி செய்வாள்.

அந்த நாத்தனாருக்குத்தான், மூக்கரின் அக்காவுக்குத்தான், விஷயம் இன்னும் தெரியாது. பூத்தைலப் பட்டறையில் பாதி அவளுடையது. தம்பி மோந்து சொல்வார், அக்கா செய்து முடிப்பாள். முப்பது வருஷமாக அதுதான் ஏற்பாடு. "அவன் மூக்கு, நான் கை" என்பாள்.

அன்று காலை அவளுக்கும் தெரிந்துபோனது.

விடிந்ததும் ரோஜா வந்து இறங்கியிருந்தது. இரண்டு செப்பு அண்டாக்களிலும் பூவும் தண்ணீரும் நிரப்பி, மூடியைப் பொருத்தி, விளிம்பில் களிமண் பூசி அடுப்பை மூட்டியாயிற்று. கொதிக்கிற பூவின் ஆவி குழாய் வழியாகப் போய், குளிர்ந்த தொட்டிக்குள் சுற்றி, சொட்டுச் சொட்டாகக் கண்ணாடிக் குப்பியில் விழவேண்டும். மூக்கர் குப்பியருகே நின்று சொட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். 

அக்கா பின்கட்டில் மல்லிகை வேலையில் இருந்தாள். மல்லிகையைக் கொதிக்க வைத்தால் அதன் மணம் செத்துவிடும். அதனால் கண்ணாடித் தட்டில் வெள்ளைக் கொழுப்பைப் பூசி, அதன்மேல் பூக்களை ஒவ்வொன்றாகக் கவிழ்த்து வைக்கவேண்டும். பறித்த பிறகும் மல்லிகை உயிரோடுதான் இருக்கும். ஒரு நாள் முழுக்க மணத்தை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். கொழுப்பு அதைக் குடித்துக்கொண்டே இருக்கும். 

பாதித் தட்டில் அக்காவின் கை நின்றது.

"என்னடா கருகுது?"

அவள் ஓடி வந்து பார்த்தபோது இரண்டாவது அண்டாவின் அடியிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. தண்ணீர் வற்றி, ரோஜா முழுவதும் அடிப்பிடித்து எரிந்துகொண்டிருந்தது. அதற்கு இரண்டடி தள்ளி, புகைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மூக்கர் அமைதியாக நின்றார்.

அக்கா அடுப்பை அணைத்தாள். திட்டவில்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

"கண்ணை மூடு" என்றாள்.

"எதுக்கு?"

"மூடுடா."

மூடினார். எதையோ முகத்தருகே நீட்டினாள்.

"இது என்னன்னு சொல்லு."

மூக்கர் மூச்சை இழுத்து விட்டார். கொஞ்சம் யோசித்தார். அவள் மல்லிகைத் தட்டிலிருந்துதானே எழுந்து வந்தாள்?

"மல்லிகை. இன்னும் சரியா ஏறலை. சாயங்காலம் பூவை மாத்தணும்."

"கண்ணைத் திற."

அடுப்பு துடைக்கிற துணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள் அக்கா. 

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் சிரித்தது மூக்கர்தான். சிரிப்பு பாதியிலேயே வேறு எதுவாகவோ மாறிப்போனது. அக்கா அவர் தோளைப் பிடித்து மூட்டைமேல் உட்கார வைத்தாள்.

"எப்போலேர்ந்து?"

"காய்ச்சல்லேர்ந்து."

"டாக்டரம்மாவுக்குத் தெரியுமா?"

"அவதான் பெரிய டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனா. வரலாம், வராமலும் போகலாம்னுட்டார்."

"எங்கிட்ட சொல்லணும்னு தோணலை?"

"உங்கிட்ட சொன்னா நிஜமாயிடும்க்கா."

அக்கா எழுந்து போய், கருகிய ரோஜாவை அண்டாவிலிருந்து சுரண்ட ஆரம்பித்தாள்.

"இன்னைக்கு அந்தக் குடுவையைத் திறக்கறாங்களே, நீ என்ன பண்ணப்போறே?"

அந்தக் குடுவையைப் பற்றி ஊர் முழுக்கப் பேச்சாக இருந்தது. மலைச்சரிவில் தோண்டியபோது, பூகம்பத்தில் இடிந்து மண்ணுக்குள் போயிருந்த ஒரு பெரிய கூடம் கிடைத்தது. உள்ளே வாயகன்ற தொட்டிகள், அம்மிகள், புனல்கள், வரிசையாகச் சாடிகள். நாலாயிரம் வருஷத்துக்கு முந்தைய வாசனைத் தைலப் பட்டறை அது. எல்லாம் உடைந்திருந்தன. ஒரே ஒரு சின்னக் குடுவை மட்டும் சுவர் மூலையில் சாய்ந்து, மெழுகு வைத்து அடைத்த வாய் அடைத்தபடியே இருந்தது. குலுக்கினால் உள்ளே ஏதோ மெதுவாக நகர்ந்தது.

இயந்திரம் என்னென்ன சத்து இருக்கிறதென்று சொல்லிவிடும். ஆனால் அது என்ன பூ, எப்படிப்பட்ட மணம் என்று சொல்ல ஒரு மனித மூக்கு வேண்டும் என்றார் அருங்காட்சியகத் தலைவர். இந்த வட்டாரத்தில் மூக்கு என்றால் மூக்கர்தானே! மனைவி எவ்வளவோ சாக்குச் சொல்லிப் பார்த்தாள். தலைவர் கேட்கவில்லை.

"நீ வா" என்றார் மூக்கர் திடீரென்று.

"நானா? எதுக்கு?"

"மோந்து பார்க்க."

"உனக்குக் கிறுக்கா? எனக்கு அடுப்பும் அண்டாவும்தான். படிச்சவங்க நடுவுல போய் நான் என்னத்தைச் சொல்ல?"

"ரோஜா கருகினதைப் பின்கட்டுலேர்ந்து கண்டுபிடிச்சியா இல்லையா?"

"அது எந்தக் கழுதைக்கும் தெரியும்."

"எனக்குத் தெரியலையே" என்றார் மூக்கர்.

அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள்.

* * *

ஆய்வுக்கூடம் பளிச்சென்று இருந்தது. சோப்பு, பவுடர், தலையெண்ணெய் எதுவும் போடாமல் வரச் சொல்லியிருந்தார்கள். அக்கா இரண்டு முறை வெறும் தண்ணீரில் கைகழுவிவிட்டு, அந்நிய வீட்டுக்கு வந்தவள்போலச் சுவரோரமாக நின்றாள்.

டாக்டரம்மா வாசலிலேயே கணவரின் முகத்தைப் பார்த்தாள். பிறகு நாத்தனாரின் முகத்தைப் பார்த்தாள். புரிந்துவிட்டது.

"அண்ணி, நான் சொல்லியிருக்கணும்..."

"அதை வீட்டுல வெச்சுச் சண்டை போட்டுக்கலாம். இப்ப வேலையைப் பாரு."

தலைவரிடம் போய் மூக்கரே நேராகச் சொன்னார். "சார், காய்ச்சல்ல எனக்கு வாசனை போயிடுச்சு. என் அக்கா வந்திருக்கா. நான் மோந்தது எல்லாத்தையும் அவளும் பக்கத்துல நின்னு மோந்திருக்கா. அவளைக் கேளுங்க."

தலைவர் ஒரு விநாடி திகைத்துவிட்டு, நாற்காலியை அக்காவின் பக்கம் நகர்த்திப் போட்டார். "உட்காருங்கம்மா. இன்னும் கொஞ்ச நேரம் ஆகும்."

அந்த நேரத்தில் டாக்டரம்மா அவர்களைப் பக்கத்து அறைக்கு அழைத்துப் போனாள். கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு மண்தொட்டி, பாதி உடைந்து கிடந்தது.

"இதுலதான் பூவைப் போட்டுப் பிசைஞ்சிருக்காங்க. ஆவியில வடிக்கிற வித்தை அப்போ இங்க வரலை அண்ணி. வாசனை ஏறணும்னா எண்ணெய்தான். எண்ணெயை முதல்ல பட்டை, பிசின் போட்டுப் பழக்கி, அப்புறம் பூவைப் போட்டு, எடுத்து, திரும்பப் புதுப் பூவைப் போட்டு... எத்தனை கூடையோ! ராஜாவுக்குத் தலையில தடவ, செத்தவங்களை வழியனுப்ப, வீட்டுக்கு வந்தவங்க காலைக் கழுவ, எல்லாத்துக்கும் இந்த எண்ணெய்தான்."

அக்கா குனிந்து பார்த்தாள். தொட்டியின் உள்சுவரில் கறுப்பாக ஏதோ படிந்திருந்தது. நாலைந்து கோடுகள்.

"இது என்ன?"

"விரல்."

"என்னது?"

"விரல் தடம். எண்ணெய்க் கையோட யாரோ விளிம்பைப் பிடிச்சு எழுந்திருக்காங்க. கூடம் இடிஞ்ச அன்னைக்கோ, அதுக்கு முந்தின நாளோ. துடைக்க நேரம் இருந்திருக்காது." டாக்டரம்மாவின் குரல் தாழ்ந்தது. "தொட்டி முழுக்கச் சோதிச்சுப் பார்த்தேன். விரல் பட்ட இடத்துல மட்டும் தேன் இருக்கு."

"தேனா?"

"கையில தேன் தடவிக்கிட்டுப் பூவைப் பிசைஞ்சிருக்காங்க. பழைய மருத்துவ நூல் ஒண்ணுல லில்லித் தைலம் செய்யற முறை இருக்கு. அதுலயும் கையில தேன் தடவச் சொல்லுது. ஏன்னு மட்டும் சொல்லலை."

"இதழ் ஒட்டாம இருக்கவா? இல்ல, கை வாசனை பூவுல ஏறாம இருக்கவா?"

"தெரியலை அண்ணி. ரெண்டுமா இருக்கலாம்."

அக்கா தன் வலது கையைக் கண்ணாடிக்கு மேலே, தொடாமல், அந்தத் தடத்துக்கு நேராக விரித்துப் பிடித்தாள். தடத்தில் இருந்த கை அவள் கையைவிடச் சின்னது. ஆனால் சுண்டுவிரல் மற்ற விரல்களைவிட்டு நன்றாக விலகி நின்றது. வருஷக்கணக்காகப் பிசைகிறவர்களுக்குத்தான் அப்படி விலகும். அக்காவுக்கும் அப்படித்தான் விலகியிருந்தது.

கையை எடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. மூக்கர்தான் மெல்ல, "கூப்பிடறாங்கக்கா" என்றார்.

குடுவை மேசையின் நடுவில் நின்றது. உள்ளங்கையில் அடங்கிவிடும் அளவுதான். முதலில் மெழுகின் ஓரத்தில் மெல்லிய ஊசியைச் செலுத்தி உள்ளே இருந்த காற்றை உறிஞ்சி எடுத்தார்கள். நாலாயிரம் வருஷம் யாரும் சுவாசிக்காத காற்று. அது இயந்திரத்துக்குப் போனது. பிறகு டாக்டரம்மா மெழுகை நகநுனி அளவு நகநுனி அளவாக எடுத்தாள். அவள் கழுத்தில் வியர்த்திருந்தது.

அடைப்பு கழன்று வந்துவிட்டது.

அடியில் பழுப்பாக, குழைந்த பாகு மாதிரி கொஞ்சம் இருந்தது. பூஞ்சை ஏதும் இல்லையென்று சோதித்து முடிக்கும்வரை யாரையும் கிட்டே விடவில்லை. மத்தியானம் தாண்டிய பிறகுதான், கண்ணாடிக் குச்சியில் தொட்ட ஒரு பொட்டைக் காகித நாடாவில் தடவி, மூடிய சீசாவுக்குள் வைத்து, அக்காவின் முன்னால் வைத்தாள் டாக்டரம்மா.

"மெதுவா அண்ணி. அவசரமே இல்லை."

அறையில் இருந்த எல்லோரும் அக்காவைப் பார்த்தார்கள். அவள் தம்பியைப் பார்த்தாள். "நீயும் பக்கத்துல உட்காரு" என்றாள். 

மூக்கர் உட்கார்ந்தார். அக்கா சீசாவைத் திறந்து, நாடாவை எடுத்து, கண்ணை மூடிக்கொண்டாள்.

முதல் மூச்சில் அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவது மூச்சில் புருவம் உயர்ந்தது. மூன்றாவதில், மூடிய கண்களிலிருந்து தண்ணீர் வழிந்து கன்னத்தில் இறங்கியது. அவள் துடைக்கவில்லை.

"அக்கா?"

"பூடா" என்றாள் அவள். "பூ. அப்படியே இருக்கு."

"எனக்குச் சொல்லு" என்றார் மூக்கர்.

"எனக்குச் சொல்ல வராதுடா. உன் மாதிரி வார்த்தை எங்கிட்ட இல்லை."

"முப்பது வருஷம் நான் உனக்குச் சொன்னேன்ல? இப்ப நீ எனக்குச் சொல்லு. தப்பா இருந்தா பரவாயில்லை."

அக்கா மறுபடி மோந்தாள்.

"மேல பழைய எண்ணெய். சிக்கு வாடை. ஆனா கதவைத் திறந்துவிட்டுட்டு ஒதுங்கிக்கற ஆள் மாதிரி அது உடனே விலகிடுது. அதுக்குப் பின்னாடி லில்லி. அன்னைக்குப் பறிச்ச லில்லி இல்லை, ஒரு ராத்திரி வெச்சது. நீ சொல்லுவியே, கொஞ்சம் வாடினாத்தான் அதுக்குக் குரல் வரும்னு, அது. அப்புறம் பட்டை. அப்புறம் பிசின், கசப்பா, நாக்கு அடியில படற மாதிரி. எல்லாத்துக்கும் அடியில தேன்மெழுகு. அது அடைப்புலேர்ந்து வந்ததா இருக்கும்."

மூக்கர் கண்ணை மூடியிருந்தார். ஒவ்வொரு வார்த்தைக்கும் அவர் தலை லேசாக அசைந்தது. பாட்டு கேட்கிறவர் மாதிரி.

"பார்க்கறேன்க்கா. தெரியுது. மேல சொல்லு."

"இன்னொண்ணு இருக்கு." அக்கா நாடாவைத் தள்ளிப் பிடித்தாள், கிட்டே கொண்டுவந்தாள். "இது என்னன்னு எனக்குத் தெரியலை. நம்ம பட்டறைக்கு இது வந்ததே இல்லை."

தலைவர் டாக்டரம்மாவைப் பார்த்தார். டாக்டரம்மா இயந்திரத்தின் திரைக்குப் போனாள். மலைச்சிகரங்கள்போல ஏறி இறங்கும் கோடுகளில் ஒவ்வொன்றாக விரல் வைத்துக்கொண்டே போனாள். எண்ணெய். லில்லி. பட்டை. பிசின். மெழுகு. எல்லாம் அண்ணி சொன்ன அதே சாமான்கள். கடைசியாக ஒரு குட்டிச் சிகரம். அதற்கு நேரே எந்தப் பெயரும் வரவில்லை.

"எதோடயும் பொருந்தலை சார்" என்றாள். "இது என்னன்னு இயந்திரத்துக்கும் தெரியலை."

தலைவர் நாற்காலியில் மெல்லச் சாய்ந்தார். "அப்படின்னா, நமக்குத் தெரியாத பூ ஒண்ணு அந்தப் பொண்ணுக்குத் தெரிஞ்சிருக்கு."

அந்தப் பொண்ணு என்றுதான் சொன்னார். தொட்டியைப் பிடித்து எழுந்தது ஆணா பெண்ணா என்று யாருக்கும் தெரியாது. ஆனாலும் யாரும் திருத்தவில்லை.

* * *

திரும்பும்போது பட்டறை வண்டியை டாக்டரம்மா ஓட்டினாள். அக்கா முன்னால் உட்கார்ந்திருந்தாள். மூக்கர் காலிப் பூக்கூடைகளோடு பின்னால்.

அக்கா தன் விரல்களை அடிக்கடி முகத்தருகே கொண்டுபோனாள். நாடாவின் மணம் கொஞ்சம் ஒட்டியிருந்தது.

"நினைச்சா உடம்பு சிலிர்க்குது" என்றாள். "ஒரு காலையில யாரோ பறிச்ச பூ. அவ ஊரு போச்சு, அவ பேசின பாஷை போச்சு, அவளைக் கும்பிட்டவன் வைஞ்சவன் எல்லாரும் போயாச்சு. பூ மட்டும் இன்னைக்கு என் மூக்குக்குள்ள வந்து உட்காருது."

"நான் இருபது வருஷமா இந்த வேலை பார்க்கறேன் அண்ணி" என்றாள் டாக்டரம்மா. "எல்லாத்தையும் நம்பர் போட்ட பொட்டலமாவும் திரையில கோடாவும்தான் பார்த்திருக்கேன். இன்னைக்கு நீங்க சொல்லச் சொல்ல, ஓடிப்போய் அந்தத் தொட்டியைக் கட்டிக்கணும் போல இருந்துச்சு."

"கட்டிக்கிட்டா தலைவர் வேலையை விட்டுத் தூக்கிடுவார்."

இருவரும் சிரித்தார்கள். பின்னாலிருந்து சிரிப்பு வரவில்லை.

"அந்தக் கடைசி வாசனை" என்றார் மூக்கர். "பேர் தெரியலைன்னு சொன்னியே, அது குளிர்ச்சியா, சூடா?"

"குளிர்ச்சி. முதல்ல குளிர்ச்சி."

"புதினாக் குளிர்ச்சியா?"

"ச்சே, இல்லை. கிணத்துக்குள்ள எட்டிப் பார்த்தா முகத்துல அடிக்குமே, அது மாதிரி. கல்லும் தண்ணியும்."

மூக்கர் கூடைகளை ஒதுக்கிவிட்டு முன்னால் நகர்ந்து வந்தார்.

"அப்புறம்?"

"அப்புறம் பழம். அழுகறதுக்கு முன்னாடி இருக்கற பழம். அது வந்த உடனே காணாமப் போயிடுது. சுத்தமா இல்லை. சரி, போச்சுன்னு மூச்சை விடும்போது திரும்ப வருது. இழுக்கும்போது வராது, விடும்போது வருது."

"விடும்போது வருதா? நல்லா யோசிச்சுச் சொல்லு."

"யோசிக்க என்ன இருக்கு? இப்பக்கூட விரல்ல இருக்கே." அக்கா விரலை மூக்கருகே வைத்து மூச்சை இழுத்தாள், விட்டாள். "ஆமா. விடும்போதுதான்."

மூக்கரின் கை முன் இருக்கையின் முதுகை இறுகப் பிடித்தது.

"வண்டியை நிறுத்து" என்றார்.

டாக்டரம்மா பதறிப்போய் ஓரங்கட்டினாள். "என்னங்க? மூச்சு முட்டுதா?"

"எனக்கு அது தெரியும்."

"எது?"

"அந்தப் பூ. கல்யாணத்துக்கு முன்னாடி, ஒரே ஒரு தடவை மோந்திருக்கேன். மலைக்கு அந்தப் பக்கம், பாறை வெடிப்புக்குள்ள, விரல் நகம் அளவு வெள்ளைப் பூ. அதே கல்லுக் குளிர்ச்சி. அதே பழம். மூச்சை விடும்போது வந்துச்சு. பைத்தியம் பிடிச்சவன் மாதிரி சாயங்காலம் வரைக்கும் அங்கேயே படுத்துக் கிடந்தேன். நாலு பூ பறிச்சு வந்து கொழுப்புல வெச்சேன், ஒண்ணும் ஏறலை. யார்கிட்டயும் சொல்லலை. சொன்னா சிரிப்பாங்கன்னு இருந்துட்டேன்."

அக்கா முழுதாகத் திரும்பி அவரைப் பார்த்தாள். காலையில் மூட்டைமேல் உட்கார்ந்திருந்த மனிதர் இல்லை இது. கண்கள் பளபளத்தன. கூடை வருவதற்கு முன்பே வாசலுக்கு வந்து நிற்பாரே, அந்த முகம்.

"மோந்து பாக்காமலே கண்டுபிடிச்சுட்டியேடா!" என்றாள்.

"நீதானே மோந்தே" என்றார் அவர்.

டாக்டரம்மா கண்ணாடியில் கணவரைப் பார்த்தாள். அந்தத் திரையில் பெயரில்லாமல் நின்ற குட்டிச் சிகரம் அவள் கண்முன் வந்தது. நாலாயிரம் வருஷமாக ஒரே மலையில், ஒரே பாறையில், யாரும் தேடாமல், யாரும் வளர்க்காமல், அந்தச் செடி இன்னும் பூத்துக்கொண்டிருந்தால்?

"எந்த மாசத்துலங்க பார்த்தீங்க?"

"இதே மாசம்."

"மலைக்கு அந்தப் பக்கம்னா எந்த இடம்?"

"பழைய சுண்ணாம்புப் பாறைக்குப் பின்னாடி."

அக்காவின் முகம் மாறியது. 

"அங்கதானேடா கல்லு உடைக்க எடுத்திருக்காங்க? திங்கட்கிழமையிலேர்ந்து வெடி வெக்கறாங்களே, நம்ம பட்டறை ஜன்னல் வரைக்கும் அதிருதே!"

"தெரியும்" என்றார் மூக்கர்.

வெயில் இறங்க ஆரம்பித்திருந்தது. டாக்டரம்மா யாரையும் கேட்கவில்லை. இரண்டு பக்கமும் பார்த்தாள், ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்தாள். காலிக் கூடைகள் பின்னால் சரிந்து உருள, வண்டி மலைப்பக்கம் திரும்பியது.